வல்லிக்காவின் கணினியில் ஒரு வரி

அதுல சரின்னு அமுக்கிருங்ணா. படிச்சுட்டே உக்காந்திருக்காதீங்க. போன் அப்படித்தான் கேட்டுட்டே இருக்கும், அனுமதிக்கலாமா, உறுதியா, மறுபடியும் உறுதியான்னு. ஒட்டன்சத்திரத்துல நான் பஸ் ஏறினதுல இருந்து பாக்கறேன், விருப்பாச்சி தாண்டியாச்சு, நீங்க இன்னும் அதே பக்கத்துல நிக்கறீங்க. இப்படிக் குடுங்க. ஆச்சு. இனிமே அது உங்களை எதுக்குமே கேக்காது, செட்டிங்ஸ்ல போய் மொத்தமா நிறுத்திட்டேன். அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்ணா, நான் சொல்றேன்ல.

எனக்கு இதுதான் தொழிலே. பேரு பூபதிராஜன். கோயமுத்தூர்ல, சரவணம்பட்டிப் பக்கம், சின்ன கம்பெனி. நாப்பது பேர் இருக்கோம். டயாலிசிஸ் பண்ற இடம் இருக்குதுல்ல, கிட்னி போனவங்களுக்கு வாரத்துக்கு மூணு தடவை ரத்தம் சுத்தம் பண்ணுவாங்களே, அந்த மாதிரி இடங்களுக்கு நாங்க சாஃப்ட்வேர் பண்றோம். இன்னிக்கு யாரு வரணும், எந்த மிஷின், எத்தனை மணி, முன்னாடி நாளே போனுக்குத் தகவல் போறது, எல்லாம் எங்களுதுதான். பதினொரு சென்டர் எங்ககிட்ட இருந்துச்சு. இப்பப் பத்து.

எங்காபீஸ்ல என்னை யாரும் பேர் சொல்லித் தேடமாட்டாங்க. டிப்ஸ்காரர் எங்கன்னுதான் கேப்பாங்க. ஏன்னா, ஒன்பது வருஷமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலைல பத்து மணிக்கு என்கிட்ட இருந்து ஒரு மெயில் போகும். கறுப்புத் திரையில கமாண்ட் அடிச்சு வேலை செய்றவங்களுக்கு ஒரு குறிப்பு. நீளமான கமாண்டை ரெண்டே எழுத்துல எப்படிச் சுருக்கறது, நேத்து அடிச்சதை இன்னிக்கு எப்படித் தேடி எடுக்கறது, செட்டிங்ஸ் ஃபைல்ல எந்த வரியைப் போட்டா வேலை பாதியாகும், இப்படி. ஒரு வாரம் விட்டதில்லைங்ணா. எங்கப்பா தவறினது ஒரு வியாழக்கிழமை. மறுநாள் மயானத்துல இருந்து வந்து, குளிச்சுட்டு, மெயிலைப் போட்டுட்டுத்தான் உக்காந்தேன். இப்ப அதை நிறுத்திட்டாங்க. நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை மெயில்ல வந்துச்சு, நன்றி கிடையாது ஒண்ணு கிடையாது. நல்லதுக்குக் காலம் இல்லைங்ணா, அதைத்தான் சொல்ல வந்தேன்.

எல்லாம் வல்லிக்காவால வந்தது. அவங்க வீட்டுல இருந்துதான் இப்ப வர்றேன். தப்பா நினைக்காதீங்க, அவங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. சௌந்தரவல்லின்னு முழுப் பேரு. வயசு நாப்பத்தாறு. கல்யாணம் பண்ணிக்கலை, அவங்கம்மாவைப் பாத்துட்டே காலம் போயிருச்சு. அந்தம்மாவுக்கு அம்பத்திரெண்டு வயசுலயே மறதி வியாதி வந்துருச்சு. மொதல்ல அடுப்பு மேல வெச்ச பாலு, அப்புறம் வீட்டுக்கு வர்ற வழி, கடைசில பெத்த புள்ளையையே யாருன்னு கேட்டுட்டுப் போய்ச் சேந்தாங்க. வல்லிக்காவுக்கு அந்தப் பயம் எலும்புக்குள்ள இருந்துச்சு. தனக்கும் வந்துருமோன்னு. அதனால எதைச் செஞ்சாலும் ஒரு நீலக் கலர் நோட்டுல எழுதி வெப்பாங்க. பத்து நாப்பது, இன்ன ஃபைல் திறந்தேன். பத்து அம்பது, மூடினேன். நாங்க கேலி பண்ணுவோம். காப்பி குடிச்சதை எழுதினீங்களாக்கான்னு கேட்டா, எழுதியாச்சு தம்பின்னு சிரிப்பாங்க.

எனக்குப் பக்கத்து சீட்டு அவங்களுது. வேலை நல்லாப் பாப்பாங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா எறும்பு ஊர்ற மாதிரி வேலை. தினமும் மத்தியானம் மூணு மணிக்கு அவங்க சோதனை சர்வரைத் துடைக்கணும். சோதனைன்னா, பொய்ப் பேரு போட்டு நாங்க வெச்சிருக்கறது. நிஜ நோயாளிங்க பேரு இருக்கறது வேற சர்வர். துடைக்கற கமாண்ட் ரெண்டுக்கும் ஒண்ணுதான். அதை அடிச்சா, நீ இன்ன சர்வர்ல இருக்கே, இத்தனை பேரோட விவரம் அழியப் போகுது, உறுதியான்னு கேக்கும். ஆமான்னு முழுசா டைப் பண்ணணும். வல்லிக்கா அதை வாய்விட்டுப் படிப்பாங்க. தினமும். அதே கேள்விதானே, நேத்தும் கேட்டதுதானே, விட்டுத் தொலையலாம்ல? மாட்டாங்க. விரலை வெச்சுக் காட்டிப் படிச்சுட்டு, அப்புறம் ஒவ்வொரு எழுத்தா அடிப்பாங்க. ரெண்டு வருஷம் நான் அதைக் காதுல கேட்டிருக்கேன். உங்களுக்கு அந்த எரிச்சல் புரியாதுங்ணா.

அந்தக் கேள்வியே வராம பண்றதுக்கு ஒரு வரி இருக்கு. செட்டிங்ஸ் ஃபைல்ல போட்டுட்டா, மிஷினே தனக்குத்தானே ஆமான்னு சொல்லிக்கும். என்னோட நூத்திப் பன்னெண்டாவது குறிப்பு அது, ஆபீஸ்ல முப்பது பேருக்கு மேல போட்டிருந்தாங்க. வல்லிக்கா மட்டும் வேண்டாம்னுட்டாங்க. “அது கேக்கட்டும் தம்பி. எனக்கு அது ஒரு துணை”ன்னாங்க. துணையாம். மிஷின் துணையாம்.

போன ஆவணி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் ஒண்ணே கால் இருக்கும். அவங்க சாப்பிட்டுட்டு டப்பாவைக் கழுவப் போயிருந்தாங்க. திரையைப் பூட்டாம போயிட்டாங்க, அதுவே தப்பு, அறுபத்தேழாவது குறிப்புல சொல்லியிருக்கேன். நான் எட்டி உக்காந்து அந்த வரியைப் போட்டுட்டேன். அரை நிமிஷம் ஆகலை. ஒரு நல்லது செய்றதுக்கு மனு போட்டுட்டு இருக்க முடியுங்களா? அவங்க வந்ததும் சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள ஈரோட்டுல இருந்து ஒரு போன் வந்து, அது முக்கா மணி நேரம் ஓடி, மறந்தே போச்சு. அந்த வாரம் திங்கள்ல இருந்து புதன் வரைக்கும் அவங்களுக்கு வேற வேலை, சோதனை சர்வரைத் தொடலை. இல்லைன்னா அப்பவே தெரிஞ்சிருக்கும், என்ன தம்பி இது, கேக்கவே மாட்டேங்குதுன்னு திட்டியிருப்பாங்க, சிரிச்சுட்டுப் போயிருப்போம்.

வியாழக்கிழமை ஒரு சென்டர்ல இருந்து, ஒரு அம்மாவுக்கு நேரம் மாத்தணும்னு கூப்பிட்டாங்க. வல்லிக்கா அதுக்காக நிஜ சர்வருக்குள்ள போனாங்க. போன்ல பேசிட்டே மாத்தினாங்க. வெச்சாங்க. மணி பாத்தாங்க, மூணு. துடைக்கற கமாண்டை அடிச்சுட்டு, கேள்விக்காகக் காத்திருந்தாங்க. கேள்வி வரலை. நான் திரும்பிப் பாத்தப்ப விரலைத் திரைகிட்ட வெச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தாங்க, படிக்கறதுக்கு. படிக்க ஒண்ணும் இல்லை அங்க. பதினொரு சென்டர், எண்ணூத்திச் சொச்சம் பேரு, ஒருத்தர் பேரும் இல்லை.

கொய்யா வாங்கறீங்களா? ஆயக்குடி வந்துருச்சு. இங்க விக்கறது நல்லா இருக்கும். வேண்டாமுங்களா, சரி.

காப்பு நகல் இருந்துச்சு, இல்லாம இருக்குமா. ஆனா அதைத் திருப்பி ஏத்தி, சரி பாத்து, சனிக்கிழமை காலைல ஆயிருச்சு. பத்து சென்டர்ல ரெண்டு நாள் பட்டியலை முன்னாடியே தாள்ல எடுத்து வெச்சிருந்தாங்க, சமாளிச்சுட்டாங்க. காங்கேயம் பக்கம் ஒரு சென்டர்ல எடுக்கலை. வெள்ளிக்கிழமை ஒரு ஆளு, ரெண்டு பஸ் மாறி சம்சாரத்தோட வந்திருக்காரு. கம்ப்யூட்டர்ல உங்க பேரு இல்லீங்க, சரியானதும் நாளைக்கு வாங்கன்னு முன்னாடி உக்காந்திருந்தவங்க அனுப்பிட்டாங்க. முந்தாநேத்து வரைக்கும் வந்துட்டு இருந்த ஆளுதானேன்னு யாராவது யோசிக்க வேண்டாம்? திரும்பிப் போயிருக்காரு. அன்னிக்கே மூச்சு முட்டி, விடியறதுக்குள்ள போயிட்டாரு. பேரு கருப்பணனோ காளியப்பனோ. கிட்னி ரெண்டும் போன ஆளுங்ணா. எத்தனை நாளைக்குத்தான் இருந்திருப்பாரு சொல்லுங்க.

ஆனா ஒரு உசிரு போச்சுன்னா விசாரணைன்னு ஒண்ணு வருதே. எங்க மேனேஜர் சிவபாலன் என்னைக் கூப்பிட்டாரு. பூபதி, எனக்கு உங்களை விட்டா இதுல நம்பிக்கையான ஆளு கிடையாது, என்ன நடந்துச்சுன்னு நீங்களே பாத்து எழுதிக் குடுங்கன்னாரு. வல்லிக்காவும் அதையேதான் சொன்னாங்க, பூபதி தம்பி பாத்தா உண்மை வெளிய வந்துரும்னு. அவங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான். எந்த சர்வர்ல இருக்கேன்னு பாக்காம அடிச்சது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா அது எப்பவும் கேக்கும், அன்னிக்குக் கேக்கலை, அந்த வரியை நான் போடலை. இதையே திருப்பித் திருப்பிச் சொன்னாங்க.

நான் உக்காந்து பாத்தேன். இதுல ஒரு நுணுக்கம் இருக்குங்ணா, உங்களுக்குச் சொல்றேன், ஆபீஸ்லயே பாதிப் பேருக்குத் தெரியாது. நீங்க அடிக்கற ஒவ்வொரு கமாண்டையும் மிஷின் ஒரு ஃபைல்ல எழுதி வெச்சுக்கும். ஆனா கமாண்டுக்கு முன்னாடி ஒரு இடைவெளி விட்டு அடிச்சா, அதை எழுதாது. எங்க மிஷின் எல்லாத்துலயும் அந்த செட்டிங் உண்டு. எனக்கு அது கைப்பழக்கம், அடுத்தவங்க மிஷின்ல என்ன அடிச்சாலும் முன்னாடி ஒரு இடைவெளி தானா விழும். அதனால செவ்வாய்க்கிழமை நான் அடிச்சது எங்கயும் இல்லை. சுத்தமா இருந்துச்சு.

ஒண்ணே ஒண்ணு மட்டும் இடிச்சுது. செட்டிங்ஸ் ஃபைலைக் கடைசியா எப்ப மாத்தினதுன்னு ஒரு தேதி இருக்கும். செவ்வாய், ஒண்ணு பதினெட்டுன்னு காட்டுச்சு. அந்த நேரத்துல வல்லிக்கா சாப்பாட்டு ரூம்ல இருந்ததை ஒரு டசன் பேர் பாத்திருப்பாங்க. சிவபாலன் அதைப் பாத்தா என்ன ஆகும்? யாரு, எவருன்னு கேள்வி வரும். அந்தாளு செத்ததை எந்தலைல கட்டுவாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு, மறைக்க என்ன இருக்கு. ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க எனக்கு, பெரியவ இப்பதான் பத்தாவது. அந்தத் தேதியை மாத்தறதுக்கும் ஒரு கமாண்ட் இருக்கு. ஒரே வரி. என்ன தேதி வேணுமோ குடுத்தா, ஃபைல் அந்தத் தேதிக்குப் போயிரும். திங்கள்கிழமை காலைல பத்து நாப்பதுன்னு போட்டேன். அவங்க சீட்டுல இருந்த நேரம்.

ஏனுங்ணா அப்படிப் பாக்கறீங்க? அறிக்கைல நான் ஒரு பொய்யும் எழுதலை. அந்த வரி அவங்க மிஷின்ல, அவங்க பேர்ல இருக்குது. ஃபைல்ல இருக்கற தேதி இது. வேற யாரும் உள்ள வந்த தடயம் இல்லை. இவ்வளவுதான் எழுதினேன். யாரு போட்டாங்கன்னு நான் எழுதவே இல்லை. வேணும்னா ஒரு காப்பி போன்ல இருக்கு, காட்டறேன்.

விசாரணை அன்னிக்கு வல்லிக்கா அந்த நீல நோட்டைக் கொண்டுவந்தாங்க. திங்கள்கிழமைப் பக்கத்தைத் திறந்து சிவபாலன் முன்னாடி வெச்சாங்க. பத்து முப்பத்தஞ்சு, தாராபுரம் சென்டருக்கு போன். பத்து நாப்பத்தஞ்சு, போன் வெச்சாச்சு. நடுவுல வேற ஒண்ணும் இல்லை. பாருங்க சார், நான் அப்ப போன்ல இருந்திருக்கேன், செட்டிங்ஸ் பக்கமே போகலைன்னாங்க. சிவபாலன் என்னைப் பாத்தாரு. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான் என்ன பண்ணுவேன்? பாம்புன்னு தாண்டவும் முடியலை, பழுதுன்னு மிதிக்கவும் முடியலை.

“அக்கா, நோட்டு நீங்க எழுதறது. எழுத மறந்திருந்தா நோட்டுக்கு எப்படித் தெரியும்? மிஷின் மறக்காதுங்க்கா”ன்னு சொன்னேன்.

மெதுவாத்தான் சொன்னேன். அவங்க முகம் அப்பத்தான் மாறுச்சு. அதுவரைக்கும் ஒரு வேகத்தோட பேசிட்டு இருந்தவங்க, நோட்டை எடுத்து மடில வெச்சுட்டு, முன்னாடி பக்கம் பின்னாடி பக்கம்னு பொரட்ட ஆரம்பிச்சாங்க. எதையோ தேடற மாதிரி. மேனேஜர் ஏதோ கேட்டாரு, இருக்கலாம் சார்னாங்க. அவ்வளவுதான். அந்த மாசக் கடைசிலயே வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. ஒட்டன்சத்திரத்துல தம்பி வீட்டோட போயிட்டாங்க.

அதுல எனக்கு வந்த வினையைப் பாருங்க. தப்பு யாரு மேலன்னு முடிவாயிருச்சு, விட்டுரலாம்ல? விடலை. இனிமே எல்லா மிஷின்லயும் அந்தக் கேள்வி கட்டாயம் வரணும், சுருக்கு எல்லாத்தையும் எடுங்கன்னு உத்தரவு. என்னோட மெயிலையும் நிறுத்திட்டாங்க. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சொல்லுவாங்க, அது என் விஷயத்துல நிஜமாயிருச்சு. வெள்ளிக்கிழமை பத்து மணி ஆனா கை பரபரங்குதுங்ணா. ஒரு குறிப்பை எழுதி எனக்கு நானே அனுப்பிக்கறேன்.

பழனி வந்தாச்சு. ஸ்டாண்டுல பத்து நிமிஷம் நிப்பான். நீங்க உடுமலைக்குத்தானே? உக்காருங்க, எங்க எந்திரிக்கறீங்க, சீட்டு போயிரும். கடைசியைச் சொல்லி முடிச்சிர்றேன்.

போன வாரம் வல்லிக்கா போன் பண்ணினாங்க. அஞ்சு மாசத்துக்கு அப்புறம். ஒருக்கா வந்துட்டுப் போ தம்பி, ஒரு விஷயம் கேக்கணும்னாங்க. வக்கீலு கிக்கீலுன்னு ஏதாவது கிளம்பியிருக்கா, ஃபைலை யாருக்காச்சும் குடுத்துப் பாத்துட்டாங்களான்னு நாலு நாள் தூக்கமில்லை. போகாம இருக்கவும் தைரியமில்லை. ஆப்பிள் ஒரு கிலோ வாங்கிட்டுப் போனேன்.

ஆளே பாதியா இருக்காங்க. வாசல்லயே நின்னுட்டு இருந்தாங்க. உள்ள கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சாங்க, காப்பி வந்துச்சு, குழந்தைங்க எப்படியிருக்குன்னு ரெண்டு பேரோட பேரையும் சொல்லிக் கேட்டாங்க. அந்த காங்கேயத்து ஆளு வீட்டுக்கு மாசம் ஒருக்கா போயிட்டு வர்றாங்களாம். காளியப்பன்தானாம் பேரு. அந்தச் சம்சாரம் இவங்களை ஒண்ணும் சொல்றதில்லையாம், உக்கார வெச்சு சோறு போடுதாம்.

அப்புறம் ஒரு சீட்டை எடுத்துக் காட்டினாங்க. நரம்பு டாக்டர்கிட்டப் போயிருக்காங்க. என்னென்னமோ படம் எல்லாம் எடுத்துப் பாத்திருக்காங்க, ஒண்ணும் தெளிவா தெரியலையாம். அம்மாவுக்கு இருந்திருக்கு, நீங்களும் ஒரு காரியத்தைச் செஞ்சுட்டுச் செஞ்ச ஞாபகமே இல்லைங்கறீங்க, அது நிஜம்தான்னா ஆரம்பம்னுதான் எடுத்துக்கணும், மருந்தைத் தொடங்கிருங்கன்னு எழுதிக் குடுத்திருக்காரு. ரெண்டு மாசமா அந்தச் சீட்டு அவங்ககிட்ட இருக்கு. வாங்கலை.

“நான் நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன் தம்பி. அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு மணியா நினைச்சுப் பாத்துட்டேன். நான் போட்ட ஞாபகம் இல்லவே இல்லை. உன்னை ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் இல்லாதப்ப நீ எம்மிஷின்ல கை வெச்சியா? வெச்சிருந்தா சொல்லிரு. நான் யாருகிட்டயும் போகமாட்டேன், அம்மா மேல சத்தியம். வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். என் புத்தி சரியாத்தான் இருக்குன்னு எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்”னாங்க.

கையைப் புடிச்சுட்டாங்கங்ணா. அவங்க தம்பி சம்சாரம் கதவோரமா நிக்குது. நான் என்ன சொல்ல முடியும்? சத்தியம் பண்றவங்க எல்லாம் காப்பாத்திர்றாங்களா? நாளைக்கு ஒரு கோபத்துல வெளிய சொல்லிட்டா? ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க.

இல்லீங்க்கா, நான் தொடவே இல்லைன்னேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பாத்தாங்க. சந்தேகமாப் பாத்தாங்கன்னு நினைக்காதீங்க, அப்படிப் பாத்திருந்தாக்கூடத் தேவலை. அப்புறம் கையை விட்டுட்டு, “அப்ப நான்தான்”னாங்க. அழுகை கிழுகை ஒண்ணும் இல்லை. உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேனே, மன்னிச்சுக்க தம்பின்னாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்ணா, எவ்வளவு நல்ல மனசு பாருங்க. அவங்க தம்பி தோட்டத்துக்குப் போயிருந்தாரு, சாயங்காலம்தான் வருவாராம். நான்தான் அந்தச் சீட்டை வாங்கிட்டுப் போய், மார்க்கெட்டுக்குப் பக்கத்து மெடிக்கல்ல ஒரு மாசத்துக்கு மாத்திரை வாங்கிட்டு வந்து குடுத்தேன். மொத மாத்திரையை எங்கண்ணு முன்னாடியே போட்டுக்கிட்டாங்க. காலைல ஒண்ணு, சாப்பிட்டப்புறம்னு, அட்டை பின்னாடி பேனாவுல பெரிசா எழுதியும் குடுத்துட்டு வந்திருக்கேன். பாவம், மறந்துரக் கூடாதுல்லங்ணா.